கார்ன் ஸ்நேக் குட்டி தின்றதைத் திரும்பத் திரும்பக் கக்குகிறது – அடுத்த இரை எப்போது கொடுக்கலாம்?

செம்பாம்பு (டொராண்டோ):

வணக்கம். ஆகஸ்டில் பொரித்த கார்ன் ஸ்நேக் (வட அமெரிக்காவின் நஞ்சில்லாப் பாம்பு) குட்டி ஒன்று வளர்க்கிறேன். வாங்கும்போது 11 கிராம் இருந்தது, இன்று 9.4 கிராம். தொடர்ந்து இரண்டு தடவை இரையைக் கக்கிவிட்டது.

முதல் தடவை, தலா 2 கிராம் அளவில் இரண்டு பிங்கி (உறைய வைத்து விற்கும், மயிர் முளைக்காத எலிக்குஞ்சு) ஒரே வேளையில் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டும் பாதி கரைந்து, கடும் நாற்றத்தோடு வெளியே கிடந்தன. பசிக்குமே என்று நாலு நாள் கழித்து ஒரே ஒரு பிங்கி கொடுத்தேன். ஆவலாகத்தான் விழுங்கியது. அடுத்த நாள் இரவே அதையும் கக்கிவிட்டது; இந்தத் தடவை பிங்கி பெரிதாகக் கரையவே இல்லை.

தொட்டி: 60 செ.மீ. நீளக் கண்ணாடித் தொட்டி. ஒரு பக்கம் அடியில் 8 வாட் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டை விரிப்பு), நேராகப் பிளக்கில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட வெப்பமானி 27 டிகிரி காட்டுகிறது. தரையில் 5 செ.மீ. உயரத்துக்கு ஆஸ்பென் மரச்சீவல். மறைவிடம் ஒன்றுதான், தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், குளிர்ந்த பக்கம். குட்டி பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடக்கிறது. இரை கொடுப்பது தனி டப்பாவில். தின்று முடித்ததும் கையில் எடுத்துத் தொட்டியில் விடுவேன். பிங்கியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குழாய் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வைக்கிறேன்.

எடை இறங்குவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இப்போதே சின்னதாக ஏதாவது கொடுக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் பால் வைத்துப் பார் என்கிறார்கள். நண்பர் ஒருவர் தயிர்த் தண்ணீர் கொடுத்தால் வயிறு சரியாகும் என்கிறார். மருந்து ஏதாவது கடையில் கிடைக்குமா?

வெப்பமானி:

இப்போது எதுவும் கொடுக்காதீர்கள். இரண்டாவது தடவை கக்கிய நாளிலிருந்து முழுதாக 14 நாள் வயிறு காலியாக இருக்கட்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும், தினமும் மாற்றுங்கள். 9 கிராம் குட்டி இரண்டு வாரம் பட்டினி கிடந்து சாகாது. எடை இன்னும் அரை கிராம் இறங்கினாலும் பதறாதீர்கள். மூன்றாவது தடவை கக்கினால்தான் பிழைப்பது கடினமாகிவிடும். குட்டிகள் இறப்பது பெரும்பாலும் முதல் கக்கலால் இல்லை. பாவம் பசிக்குமே என்று நாலைந்து நாளில் திரும்ப ஊட்டுவதால்தான் இறக்கின்றன.

காரணம் இதுதான். இரை திரும்பி வரும்போது வயிற்று அமிலமும் செரிமான நீரும் அதோடு சேர்ந்து உணவுக்குழாய் வழியாக மேலே வருகின்றன. குழாயின் உள்தோல் வெந்துபோகிறது. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகின்றன. குடலில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவின் சமநிலையும் குலைகிறது. அந்தப் புண் ஆறுவதற்குள் அடுத்த இரை இறங்கினால், செரிக்கத் தேவையான நீர் சுரக்குமுன்பே வயிறு அதை வெளியே தள்ளிவிடும். உங்கள் இரண்டாவது பிங்கி கரையாமல் வந்ததற்கு இதுதான் பொருத்தமான விளக்கம். பசியோடு பாய்ந்து விழுங்கியதை வைத்து ஏமாற வேண்டாம். கார்ன் ஸ்நேக் வயிறு புண்ணாக இருந்தாலும் இரையைக் கண்டால் பாயும்.

அடுத்தது வெப்பம். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது இதுதான். கண்ணாடிச் சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானி அந்த இடத்துக் காற்றைத்தான் காட்டும், அதுவும் இரண்டு மூன்று டிகிரி கூடக் குறையக் காட்டும். பாம்பு வயிறு படுக்கும் தரை எத்தனை டிகிரி என்பதே நமக்கு வேண்டும். ஹீட் மேட்டுக்கு மேல் கண்ணாடி, அதன்மேல் 5 செ.மீ. மரச்சீவல். மரச்சீவல் வெப்பத்தைத் தடுத்து வைக்கும் பொருள். ஆகவே மேற்பரப்பு சில்லென்றும், சீவலுக்கு அடியில் கண்ணாடி கொதித்துக்கொண்டும் இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மேலே படுத்தால் குளிர்கிறது, தோண்டி இறங்கினால் சுடுகிறது. கடைசியில் அது குளிர்ந்த பக்க மறைவிடத்துக்கே போகிறது. குட்டிப் பாம்புக்கு வெப்பத்தைவிட மறைவுதான் முதல் தேவை. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால் வெப்பத்தை விட்டுவிடும். 20 டிகிரியில் கிடக்கும் பாம்பின் வயிற்றில் பிங்கி செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கும். அந்த நாற்றமும் மூன்றாம் நாள் கணக்கும் இதற்கு ஒத்துப்போகின்றன.

இன்றைக்கே ஒரு டிஜிட்டல் ப்ரோப் வெப்பமானியும் (கம்பி நுனியில் இருக்கும் உணரி, அதாவது ப்ரோப், தொடும் இடத்தை அளப்பது) ஆன்-ஆஃப் வகை தெர்மோஸ்டாட் ஒன்றும் வாங்குங்கள். வாங்கியதும் நாலு இடத்தில் அளந்து எழுதுங்கள்: மேட்டுக்கு நேர் மேலே கண்ணாடித் தரை, அதே இடத்தில் சீவலின் மேற்பரப்பு, குளிர்ந்த பக்க மறைவிடத்தின் உட்தரை, விடியற்காலையில் தொட்டியின் காற்று.

இரையின் அளவும் தப்பு. 11 கிராம் பாம்புக்கு ஒரே வேளையில் 4 கிராம் என்றால் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நன்றாக இருக்கும் குட்டிக்கே 2 கிராம் பிங்கி ஒன்று, வாரம் ஒருமுறை போதும்.

புற்றுமண்:

தம்பி, பாலும் வேண்டாம், தயிரும் வேண்டாம். பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்லை. பாலைச் செரிக்கிற வழி அதின்ர குடலுக்கு இல்லை. நல்லாத் தண்ணி விடாய்ச்ச பாம்பு கிண்ணத்தில என்ன இருந்தாலும் உறிஞ்சும், அதைப் பார்த்துத்தான் சனம் பால் குடிக்குது எண்டு நம்புது. வயிறு புண்ணாக் கிடக்கிற குட்டிக்குப் பால் போனால் கழிச்சல்தான் வரும். பெரியாக்களுக்கு மனம் நோகாமல் சொல்லி விளங்கப்படுத்துங்கோ, நீங்கள் இல்லாத நேரம் அவை வச்சிடுவினம்.

தனி டப்பாவில தீத்துறதையும் விடுங்கோ. இரை விழுங்கின பாம்பைக் கையில தூக்கி இடம் மாத்திறது கக்க வைக்கிறதுக்கு நல்ல வழி. தொட்டிக்குள்ளேயே, மறைவிடத்தின்ர வாசலில, ஒரு சின்னத் தட்டில பிங்கியை வச்சுப்போட்டு வெளிச்சத்தை நூருங்கோ. விடிய வந்து பாருங்கோ. இரை இறங்கினதுக்குப் பிறகு 48 மணித்தியாலம் தொடவே கூடாது. இப்ப கக்கின குட்டியெண்டபடியால், நாலு இரை ஒழுங்காத் தங்கும் வரைக்கும் கை வைக்காதேங்கோ. எடை பார்க்கிறதெண்டால் கிழமைக்கு ஒருக்கா. மறைவிடத்தோட சேர்த்துத் தூக்கித் தராசில வச்சு, பிறகு வெறும் மறைவிடத்தின்ர எடையைக் கழிச்சால் காணும். 0.1 கிராம் காட்டுற தராசு வேணும், குசினித் தராசு 1 கிராம் கணக்கில காட்டினால் பிரயோசனமில்லை.

பிங்கி உருக்கிற முறையும் சரியில்லை. குழாய்ச் சுடுதண்ணியில அஞ்சு நிமிசம் போட்டால் வெளித்தோல் வெந்த மாதிரி மெதுவாகும், நடுவயிறு ஐசாவே இருக்கும். அந்த ஐஸ் பாம்பின்ர வயித்துக்குள்ள போய் அந்த இடத்தைக் குளிராக்கும். முதல் நாள் இரவு ஃப்ரிட்ஜின்ர கீழ்த்தட்டில, மூடின டப்பாவில வையுங்கோ. தீத்திற நேரம் சிப் பையில போட்டுக் காத்தை வெளியேத்தி, 38 – 40 பாகைத் தண்ணியில பத்துப் பதினைஞ்சு நிமிசம். எடுத்து வயித்துப் பக்கத்தை ரெண்டு விரலால மெல்ல அமத்திப் பாருங்கோ. உள்ள கல்லு மாதிரித் தட்டுப்பட்டால் இன்னும் ஐஞ்சு நிமிசம். வயிறு பச்சையாவோ கருநீலமாவோ இருந்தால், இல்லாட்டி தோல் பிய்ஞ்சு மணத்தால் எறியுங்கோ. மைக்ரோவேவில ஒருக்காலும் வைக்காதேங்கோ, உள்ளுக்கு வெந்து வெடிக்கும். ஒருக்கா உருகினதைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது.

செம்பாம்பு (டொராண்டோ):

இருவருக்கும் நன்றி. ப்ரோப் வெப்பமானி வாங்கி அளந்தேன். மேட்டுக்கு மேல் கண்ணாடித் தரை 43. அதே இடத்தில் சீவலின் மேற்பரப்பு 24.5. குளிர்ந்த பக்க மறைவிடம் 20. விடியற்காலை காற்று 18.5, இரவில் வீட்டு ஹீட்டரைக் குறைத்து வைக்கிறோம். தெர்மோஸ்டாட் வந்துவிட்டது. ப்ரோபை எங்கே வைப்பது, எத்தனை டிகிரிக்கு வைப்பது?

வெப்பமானி:

அளவுகளே கதையைச் சொல்லிவிட்டன. 43 டிகிரித் தரையில் வயிற்றுத்தோல் வெந்துவிடும். அடிப்பக்கச் செதில்கள் செந்நிறமாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கின்றனவா என்று, தொடாமல், அது கண்ணாடியில் ஏறும்போது வெளியிலிருந்து பாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

தொட்டியை இப்படி மாற்றுங்கள். மரச்சீவல் முழுவதையும் எடுத்துவிட்டு வெள்ளை கிச்சன் பேப்பர் இரண்டு மூன்று மடிப்பு விரியுங்கள். எச்சமும் கக்கலும் உடனே கண்ணில் படும், பொடி எதுவும் இரையோடு வாய்க்குள் போகாது. மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தொட்டிக்கு அடியில் நாலு மூலையிலும் சிறு ரப்பர்க் கால்கள் வைத்து மேட்டுக்குக் கீழே கொஞ்சம் காற்று போக இடம் விடுங்கள், இல்லையென்றால் வெப்பம் தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும்.

தெர்மோஸ்டாட்டின் ப்ரோபைத் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவில், மேட்டின் மையத்தில் நிறுத்துவது நல்லது. உள்ளே சும்மா போட்டால் குட்டி அதை நகர்த்திக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிடும். அல்லது அதன்மேல் தண்ணீர் சிந்தும், சிறுநீர் படும். இரண்டிலும் தெர்மோஸ்டாட் ‘இன்னும் குளிராக இருக்கிறது’ என்று கணக்கிட்டு மேட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். டேப் ஒட்டுவதும் வெளியில் மட்டும்தான். தொட்டிக்குள் ஒட்டும் டேப்பை வைக்கவே வைக்காதீர்கள். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் தோலோடு பிய்ந்து வரும்.

திருகில் இருக்கும் எண்ணை நம்பி நிறுத்த வேண்டாம். உங்கள் தனி வெப்பமானியின் ப்ரோபைச் சூடான பக்க மறைவிடத்துக்குள், பேப்பரின் மேல் வைத்து, அது 29 – 30 காட்டும் வரை தெர்மோஸ்டாட்டைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மணி நேரம் பொறுங்கள். கண்ணாடி மெதுவாகத்தான் சூடேறும். வெளியே பொருத்திய ப்ரோப் 33, 34 காட்டும்போது உள்ளே 30 வரலாம், அது இயல்பு. உள்தரை 31-ஐத் தாண்டக் கூடாது. குளிர்ந்த பக்கம் 22 – 24. இரவிலும் 21-க்குக் கீழே விடாதீர்கள். ஆரோக்கியமான கார்ன் ஸ்நேக் இரவில் அதைவிடக் குளிரைத் தாங்கும். வயிறு கெட்ட குட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வீட்டு ஹீட்டரைக் கூட்ட முடியாவிட்டால் தொட்டியின் பின்புறமும் இரு பக்கமும் 2.5 செ.மீ. தெர்மோகோல் பலகை வைத்து மூடுங்கள், மேலே காற்று வழியை மட்டும் மூடாதீர்கள்.

மறைவிடம் இரண்டு வேண்டும். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருந்தால்தான் வெப்பத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும். சுருண்டு படுத்தால் உடம்பு நாலு பக்கமும் சுவரைத் தொடும் அளவு சிறியதாக இருக்கட்டும். டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டைக்குழாய் ஒன்றை நசுக்கி வைத்தாலும் இந்த வயதுக்குப் போதும். மிச்சம் வெற்றிடமாகத் தெரிந்தால் கசக்கிய பேப்பரையும் செயற்கை இலைகளையும் போட்டு நிரப்புங்கள்.

ஈரச்சட்டை:

வெப்பமும் அளவும் தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டு கக்கல், எடையில் ஏறத்தாழ 15 சதவீத இழப்பு என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்ட வேண்டும். நாய் பூனை மட்டும் பார்க்கும் இடத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். நேரம் வாங்கும்போதே “பாம்பு பார்ப்பீர்களா, எச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி உண்டா” என்று கேளுங்கள்.

போகும்போது மாதிரி கொண்டுபோனால் பாதி வேலை முடியும். புதிய எச்சம் கிடைத்தால் சிறு மூடி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்தால் உயிரோடு நீந்தும் ஒற்றைச்செல் உயிரிகள் செத்துத் தெரியாமல் போய்விடும். 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இனி கக்கினால் அந்த இரையையும் தூக்கிப் போடாமல் இதே மாதிரி எடுத்து வையுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் சளியில்தான் வயிற்று நோய்க் கிருமிகள் அதிகம் தெரியும்.

மருத்துவர் தேடப்போவது பெரும்பாலும் இவற்றை: குடல் புழுக்கள், கசையிழை உயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச்செல் உயிரிகள்), அமீபா வகையில் என்டமீபா இன்வேடன்ஸ், பாக்டீரியாத் தொற்று, கடைசியாக கிரிப்டோஸ்போரிடியம். கடைசியில் சொன்னதுதான் பாம்பு வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படுவது. கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்ற ஒட்டுண்ணி வயிற்றுச் சுவரில் குடியேறி அதைத் தடிக்க வைக்கும். சுவர் தடித்தால் இரைக்கு இடமில்லை, செரிமான நீரும் சரியாகச் சுரக்காது. உடம்பின் நடுப்பகுதியில், இரை எதுவும் இல்லாதபோதும், உறுதியான வீக்கம் தெரியும், தின்று இரண்டு மூன்று நாளில் கக்கும், மெலிந்துகொண்டே போகும். நம்பகமாக முழுதும் ஒழிக்கும் மருந்து இதற்கு இல்லை. அதனால் வேறு பாம்பு வீட்டில் இருந்தால் கருவி, கிண்ணம், இடுக்கி எல்லாம் இன்றிலிருந்தே தனித்தனி. நோயுள்ள குட்டியைக் கடைசியில் கவனியுங்கள்.

கிரிப்டோ பரிசோதனை பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இது தினமும் எச்சத்தில் வராது, விட்டு விட்டுத்தான் வரும். ஆகவே ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் முடிந்தது என்று எடுக்காமல் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: எலிக்கு வரும் கிரிப்டோ வகை, தின்ற பிங்கியோடு உள்ளே போய்ப் பாம்பைத் தொற்றாமலே எச்சத்தில் வெளியே வரலாம். நுண்ணோக்கியில் பார்த்து ‘இருக்கிறது’ என்று சொன்னவுடனே மனமுடைய வேண்டாம். எந்த இனம் என்று பிசிஆர் சோதனையில் (கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சோதனை) உறுதி செய்யச் சொல்லுங்கள்.

கடை மருந்து கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். பாம்புகளில் கசையிழை உயிரிகளுக்கும் அமீபாவுக்கும் மருத்துவர்கள் எழுதும் மெட்ரோனிடசோலையே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும், 9 கிராம் குட்டிக்கு வருவது சுமார் 0.23 மில்லிகிராம். மனிதருக்கான 400 மில்லிகிராம் மாத்திரையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. வீட்டில் உடைத்துக் கரைத்து அளக்க முடியாது, அளவு மீறினால் நரம்பைத் தாக்கித் தலை சுழன்று கவிழும். புழு மருந்துக்கும் இதே நிலைதான். என்ன கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

சுத்தம் செய்வது பற்றி: பேப்பரை மாற்றி, தரையைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிறகு குளோர்ஹெக்சிடின் அல்லது எஃப்10 என்ற கிருமிநாசினிக் கரைசல். எஃப்10 என்றால் 250 பங்கு நீருக்கு 1 பங்கு, பத்து நிமிடம் ஊற வைத்துத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே பாம்பை விட வேண்டும். டெட்டால், பைன் எண்ணெய் வாசனைத் திரவங்கள், ஃபீனால் எல்லாம் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. ப்ளீச், எஃப்10 எதற்கும் கிரிப்டோ அசையாது. அதற்குக் கொதிநீர், நீராவி, பின்பு நன்றாக உலர்த்துவது. கழுவுவதைச் சமையலறைத் தொட்டியில் செய்யாதீர்கள். எந்தப் பாம்பும் சால்மொனெல்லா சுமக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் இது விளையாட்டில்லை.

உடனே, நேரம் வாங்காமலே ஓட வேண்டிய அறிகுறிகள்: வாயைத் திறந்து மூச்சு விடுவது, வாயில் நுரை அல்லது சளி, கக்கியதில் இரத்தம், புரட்டி விட்டால் திரும்பிப் படுக்க முடியாமை, முதுகெலும்பு கத்திமுனைபோல் துருத்துவது.

செம்பாம்பு (டொராண்டோ):

மருத்துவரிடம் காட்டினேன். எச்சத்தில் புழு, அமீபா எதுவும் தெரியவில்லை. நடு உடம்பில் வீக்கம் இல்லை, வயிற்றுத்தோலிலும் சூட்டுக்காயம் இல்லை என்றார். பிசிஆருக்கு மாதிரி போயிருக்கிறது. லேசாக நீரிழப்பு இருக்கிறதாம். தொட்டியைச் சொன்னபடி மாற்றிவிட்டேன். சூடான மறைவிடத் தரை இப்போது 29.5, குட்டி அங்கேயேதான் கிடக்கிறது. நீரிழப்புக்கு வீட்டில் என்ன செய்யலாம்? 14 நாள் கழித்து முதல் இரை எவ்வளவு, எப்படி?

புற்றுமண்:

நீரிழப்புக்கு: மூடி இருக்கிற, காத்துத் துளை போட்ட ஒரு சின்ன டப்பாவில 28 பாகைத் தண்ணி, பாம்பின்ர உடம்பின்ர பாதி உயரத்துக்கு மட்டும். அதுக்கு மேல விட்டால் குட்டி தொடர்ந்து நீந்திக் களைச்சுப்போகும். அடியில ஒரு துணித்துண்டு போடுங்கோ, பிடிப்பு இருக்கும். 15 நிமிசம், கிழமையில ரெண்டு தரம் காணும். நீங்கள் பக்கத்திலயே நில்லுங்கோ. இரை குடுக்கிறதுக்கு மூண்டு நாளுக்கு முன்னம் இதை நிப்பாட்டுங்கோ, குடுத்த பிறகு செய்யவே வேண்டாம். தொட்டிக்குள்ள ஈரப்பதம் 50 வீதம் அளவில இருந்தால் நல்லம். டொராண்டோ குளிர்காலத்தில ஹீட்டர் போட்ட வீட்டுக் காத்து வடிவாக் காய்ஞ்சிடும். தண்ணிக் கிண்ணத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்கோ.

வெப்பமானி:

முதல் இரை 0.7 கிராம். அதாவது உடல் எடையில் 7, 8 சதவீதம். கடையில் கிடைக்கும் மிகச் சிறிய பிங்கியே 1 கிராமுக்கு மேல் இருக்கும், அதனால் வெட்டத்தான் வேண்டும். பாதி உருகிய நிலையில் புதுப் பிளேடால் குறுக்கே வெட்டினால் சிதையாமல் வரும். முழுக்க உருகிய பிறகு வெட்டினால் குழைந்துபோகும். தலைப்பக்கத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், வாசனை பிடித்துத் தேடி வாய்வைக்க அதுதான் எளிது. பிறகு முழுதாக உருக்கி, முதுகுத்தோலில் மூன்று நாலு இடத்தில் ஆழமில்லாமல் கீறிவிடுங்கள். செரிமான நீர் தோலைக் கரைத்துக்கொண்டு காத்திருக்காமல் நேரே உள்ளே இறங்கும்.

ஊர்வனவற்றுக்கென்று விற்கும் புரோபயாடிக் பொடி கிடைத்தால், துண்டின் வெட்டுவாயில் ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத் தொட்டு வையுங்கள். பல வளர்ப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள், கெடுதி இல்லை. ஆனால் அது கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். 30 டிகிரித் தரையும் 14 நாள் ஓய்வும் செய்வதில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பொடி செய்யாது.

முதல் இரை தங்கினால் எட்டாம் நாள் அதே 0.7 கிராம். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒரு தடவை தங்கிவிட்டதே என்று முழுப் பிங்கிக்குத் தாவுவார்கள், திரும்பவும் கக்கும். மூன்றாவது இரை 1 கிராம், நாலாவது 1.2 – 1.5 கிராமில் முழுச் சிறு பிங்கி. நாலும் தங்கி, எச்சமும் ஒழுங்காக வந்தால் மட்டும் 2 கிராம் பிங்கி, ஏழு நாளுக்கு ஒருமுறை. நாள் கணக்கைவிட எச்சம்தான் நம்பகமான அளவுகோல். சரியான வெப்பத்தில் தின்ற நாலைந்து நாளில் கரும்பழுப்பு எச்சமும் அதோடு வெள்ளை யூரேட்டும் (பாம்பின் கெட்டியான சிறுநீர்க் கழிவு) வரும். முந்தைய இரையின் எச்சம் வராமல் அடுத்ததைக் கொடுக்காதீர்கள், எட்டு நாள் பத்தானாலும் பரவாயில்லை. பச்சையாக, சளியோடு, அல்லது முழுத் தோல்துண்டுகளோடு வந்தால் அளவைக் கூட்டாமல் அதே இடத்தில் நில்லுங்கள்.

இடையில் மறுபடி கக்கினால் வீட்டு முயற்சி அதோடு நின்றது. மாதிரியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

நிழல்வேலி (கோவை):

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தோட்டத்தில் பிடித்த சிறிய பாம்பு ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பையன் பெட்டியில் வைத்திருக்கிறான். அதுவும் உள்ளே வைத்ததும் ஒரு தவளையைக் கக்கியது. இதே முறை பொருந்துமா?

ஈரச்சட்டை:

பொருந்தாது. காட்டுப் பாம்பைப் பிடித்ததும் வயிற்றில் இருப்பதைக் கக்குவது பெரும்பாலும் நோயில்லை. அது அச்சத்தில் கக்குவது. பாரத்தை இறக்கிவிட்டு விரைந்து ஓடுவதற்கு. இந்தியாவில் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எந்தப் பாம்பென்று தெரியாமல் பையன் கை வைப்பது அதைவிட ஆபத்து. கொடிய நஞ்சுள்ள கட்டுவிரியனை, அதைப் போலவே தெரியும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று நினைத்துத் தொட்டவர்கள் உண்டு. பெட்டியைத் திறக்காமல், நிழலில் வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரை, தண்ணீர் எதுவும் வைக்க முயல வேண்டாம்.

செம்பாம்பு (டொராண்டோ):

பிசிஆரில் கிரிப்டோ இல்லை என்று வந்தது. 15-ஆம் நாள் 0.7 கிராம் தலைத்துண்டு கொடுத்தேன், தங்கிவிட்டது. ஐந்தாம் நாள் எச்சம், யூரேட் இரண்டும் சரியாக வந்தன. எடை 9.3. நாளை இரண்டாவது இரை கொடுக்க வேண்டிய நாள். ஆனால் இன்று கண் பால்போல் மங்கி, உடம்பும் வெளிறியிருக்கிறது. சட்டை உரிக்கப் போகிறதென்று நினைக்கிறேன். கொடுக்கலாமா, காத்திருக்கலாமா?

வெப்பமானி:

காத்திருங்கள். கண் மங்கியிருக்கும்போது உடம்பின் நீரும் சத்தும் புதுத்தோலுக்குப் போகின்றன, அதுவும் இது நீரிழப்பிலிருந்து எழுந்த குட்டி. கண் மறுபடி தெளிந்து மூன்று நாலு நாளில் சட்டை கழலும். அதுவரை மூடியில் நுழைவாயில் வெட்டிய சிறு டப்பாவில் ஈரப்படுத்திப் பிழிந்த பாசி அல்லது பேப்பர் வைத்துச் சூடும் குளிரும் சேரும் நடு இடத்தில் வையுங்கள். கழற்றிய சட்டையை எடுத்து விரித்து, இரண்டு கண்மூடியும் வால் நுனியும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வால் நுனியில் பழைய தோல் வளையமாக நின்றுவிட்டால் இரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும்.

சட்டை கழன்ற இரண்டாம் நாள் இரை கொடுங்கள். அளவு அதே 0.7 கிராம், கீறலும் அதே மாதிரி. இடையில் நாள் கூடிப்போனதற்காகக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.